செயின் எந்த நாட்டுது?

சாவி இன்னும் அந்தப் பெண்ணின் கையில்தான் இருக்கிறது. நீட்டவில்லை. நீட்டுவாள், நீட்டாமல் எங்கே போகிறாள், எல்லா ஷோரூமிலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறார்கள், மைலேஜ் சொல்லி, கலர் சொல்லி, இந்த மாசம் ஹெல்மெட் இலவசம் என்று சொல்லி, அப்புறம் சாவியை ஒரு ஆட்டு ஆட்டி, ‘ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்களேன் சார், உங்களுக்கே தெரியும்.’ என்ன தெரியும்? குணசீலனுக்குத் தெரியவேண்டியதெல்லாம் நன்றாகவே தெரியும், தெரிந்ததுதான் தொல்லை. அதற்குள் கேட்டுவிட வேண்டும், வாய் உலர்வதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று எச்சிலை விழுங்கிக்கொண்டு அந்தச் சிவப்பு வண்டியின் டேங்கைத் தடவினான், வாங்குகிற ஆள் மாதிரி, விஷயம் தெரிந்த ஆள் மாதிரி. டேங்கில் அவன் முகம் தெரிந்தது, மூக்கு மட்டும் பெரிசாக. நாற்பத்தெட்டு வயசு, செங்கல்பட்டு ரயில்வே பார்சல் ஆபீசில் கிளார்க், தொப்பை கொஞ்சம், மீசையில் நரை கொஞ்சம். இந்த ஆளுக்கா மோட்டார் சைக்கிளைக் கண்டால் உள்ளங்கை வேர்க்கிறது? வேர்க்கிறதே, என்ன செய்ய! ஏசி சில்லென்று அடிக்கிறது, கண்ணாடிக்கு வெளியே ஜி.எஸ்.டி. ரோட்டில் வெயில் கொளுத்துகிறது, உள்ளே இவன் கை மட்டும் ஈரம். விரல் பட்ட இடமெல்லாம் டேங்கில் தடம் விழுந்துவிட்டது, சட்டென்று கையை எடுத்து பேண்டில் துடைத்துக்கொண்டான், யாரும் பார்க்கவில்லை, அந்தப் பெண் பார்க்கவில்லை, சட்டையில் ரோஸ்லின் என்று பேட்ஜ் குத்தியிருக்கிறாள், அவள் கம்ப்யூட்டரில் ஏதோ தேடிக்கொண்டிருக்கிறாள். சுகந்தி பார்த்திருப்பாள். அவன் பெண்டாட்டி பார்க்காதது ஒன்று உண்டா? அவள் சுவரோரம் நாற்காலியில் ஹேண்ட்பேகை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், ஒன்றும் சொல்லாமல். ஏதாவது சொல்லித் தொலைத்தால் தேவலை. இத்தனை வருஷம் ஒன்றாம் கிளாசையும் இரண்டாம் கிளாசையும் கட்டி மேய்த்தவள், குரலை உயர்த்தாமலே வாண்டுகளை வாயடைக்க வைக்கிறவள். புருஷனிடமும் அதே வித்தைதான்.

“இதுல செயின் எந்த நாட்டுது?” என்று கேட்டான். அப்பாடா, கேட்டாச்சு. முதல் ஷோரூமில் இந்தக் கேள்வி தானாக வாயிலிருந்து விழுந்தது, சத்தியமாக அவன் யோசித்துக் கேட்கவில்லை. அங்கே சாவியை நீட்டியதும் காது அடைத்துப்போய், எதையாவது சொல்லித் தப்பித்தால் போதும் என்று இருந்தது, அந்த நேரத்தில் நாக்கில் எது இருக்கும், பொழுது விடிந்தால் ஆபீசில் கேட்கிற கேள்விதானே இருக்கும். எங்கிருந்து வருது, எந்த ஊர்ச் சரக்கு. பார்சல் ஆபீசில் ஊர் பேர் இல்லாத மூட்டைக்கு வேலையே கிடையாது, எங்கிருந்து எங்கே என்று தெரிந்தால்தான் தராசில் ஏற்றுவான். மோட்டார் சைக்கிள்கூட வரும், மாற்றலாகிப் போகிறவர்களின் வண்டிகள், பெட்ரோலை வடித்துவிட்டு, வைக்கோல் வைத்துச் சாக்கு சுற்றித் தைத்து, மேலே போகிற ஊரைப் பெரிசாக எழுதி. அதையெல்லாம் குணசீலன் தாராளமாகத் தொடுவான், ஹேண்டில்பாரைப் பிடித்து ஓரமாகத் தள்ளி நிறுத்துவான், மேலே டீ கிளாசை வைத்துக் குடிப்பான். பெட்ரோல் இல்லாத வண்டியிடம் அவனுக்கு எந்தப் பயமும் கிடையாது, அது பாட்டுக்கு அது, இவன் பாட்டுக்கு இவன். ஆனால் அந்த முதல் ஷோரூம்காரன், ‘எல்லாம் நம்ம நாட்டுதுதான் சார்’ என்று வாய் கூசாமல் சொன்னான், ‘அப்ப பேரிங்? அந்த மீட்டருக்குள்ள இருக்கிற சில்லு?’ என்று இவன் பிடித்துக்கொள்ள, அவன் முழிக்க, ‘நமக்கு முழுக்க முழுக்க நம்ம ஊர்ல செஞ்ச வண்டிதாங்க வேணும்’ என்று இவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்துவிட்டான். வெளியே வந்து இளநீர்க் கடையில் உட்கார்ந்து இரண்டு காய் வெட்டச் சொல்லிக் குடித்த பிறகுதான் மனுஷனானான். அதோடு விட்டதா? சுகந்தியின் தம்பி இளங்கோ ஊரெல்லாம் சொல்லிவிட்டான், எங்க மாமா மாதிரி கொள்கை யாருக்கு வரும், வண்டி வாங்கினா சுதேசி வண்டிதானாம் என்று. ஆபீசில் டீ வாங்கிக் கொடுக்கிறார்கள், சுதந்திர தினத்துக்கு இவனைப் பேச வேறு சொல்லியிருக்கிறார்கள். அட கண்றாவியே. இரண்டாவது ஷோரூமில் நம்ம ஊர்க் கம்பெனி, நம்ம ஊர்ப் பேர், அதிலும் போய் எஞ்சின் டிசைன் வெளிநாடாமே என்று குற்றம் கண்டுபிடித்தான். மூன்றாவதில் டயர் ரப்பர். இப்படியே போனால் டேங்கில் ஊற்றுகிற பெட்ரோலைக் கேட்க வேண்டியதுதான், அது மட்டும் என்ன, மதுராந்தகம் ஏரியிலா ஊறுகிறது?

மதுராந்தகம் என்று நினைத்திருக்கக் கூடாது. நினைத்தால் ஏரிக்கரை வரும், ஏரிக்கரை வந்தால் அந்த வளைவு வரும், வந்துவிட்டது. மழை விட்டிருந்தது, ரிசப்ஷன் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள், சுகந்தி பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து, சாப்பாட்டில் பாயசம் திகட்டிப் போச்சு என்றோ என்னவோ சொல்லிக்கொண்டு வந்தாள், எந்த லாரியிலிருந்தோ கொட்டிய மணல் வளைவு முழுக்கப் பரவிக் கிடந்தது, ஈரத்தில் ரோடு எது மணல் எது என்று தெரியவில்லை. அவ்வளவுதான். வேகமாகக்கூட இல்லை, யாரும் அவனை ஒன்றும் சொல்லவில்லை, போலீஸ்கூட, பாவம் சார் நீங்க என்ன பண்ணுவீங்க என்றுதான் சொன்னது. இவனுக்கு ஒரு கீறல் இல்லை. எழுந்து நின்றுவிட்டான், வண்டி படுத்துக் கிடந்தது, முன்சக்கரம் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது, பின்னால் சத்தமே இல்லை. திரும்பிப் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டும் என்று தெரிகிறது, கழுத்து திரும்ப மாட்டேன் என்கிறது, சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறான், அது நிற்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நிற்கலாம், அது வரைக்கும் பின்னால் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம், ‘என்னங்க’ என்று ஒரு குரல், ஐயோ அந்தக் குரல், தெய்வமே, உயிரோடிருக்கிறாள். இடது மணிக்கட்டில் பிளேட் வைத்துத் தைத்தார்கள், இன்றைக்கும் அந்தக் கையால் தண்ணீர்க் குடத்தைத் தூக்க முடியாது, ஸ்கூட்டர் பிரேக்கைப் பிடிக்க முடியாது, இல்லாவிட்டால் இவனை எதிர்பார்ப்பாளா, தானே கற்றுக்கொண்டு ஓட்டிப் போயிருப்பாள். இந்த இரண்டு வருஷத்தில் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை குத்திக் காட்டியதில்லை. பழைய வண்டியை இவன் காயலாங்கடைக்குத் தள்ளிக்கொண்டு போனபோதும் ஏன் என்று கேட்கவில்லை. இப்போது தலைமையாசிரியை பதவி வந்திருக்கிறது, எத்தனை வருஷம் காத்திருந்து வந்தது, சிறுமணப்பாக்கத்தில், பஸ்ஸே போகாத ஊர், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே வயலும் முள்ளுமாக ஒரு சாலை. ஷேர் ஆட்டோக்காரன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான். திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும், அல்லது எனக்குப் பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், எத்தனையோ டீச்சர்கள் அப்படித்தான் எழுதிக் கொடுக்கிறார்கள், தூரம், பஸ் இல்லை, மாமியாருக்கு முடியலை. நேற்றுச் சப்பாத்தி தேய்த்துக்கொண்டே சுகந்தி, ‘நாளைக்கும் வண்டி அமையலன்னா எழுதிக் குடுத்துடறேங்க, ஒண்ணும் பிரச்சனை இல்ல’ என்றாள். ஒன்றும் பிரச்சனை இல்லையாம். அவள் பேசியதிலேயே அவனை அறுத்தது அந்தச் சொல்தான்.

திடீரென்று மணி அடித்தது, ஷோரூமில் இருந்தவர்கள் எல்லாம் கை தட்டினார்கள். யாரோ வண்டி எடுக்கிறார்கள். வாசலில் ஒரு குடும்பம், கறுப்பு வண்டிக்குச் சாமந்தி மாலை, டேங்கில் குங்குமம், அட்டையில் வெட்டிய ஆளுயரச் சாவியை அந்த வீட்டுக்காரர் கையில் கொடுத்து போட்டோ எடுக்கிறார்கள், அந்த அம்மாள் வெட்கப்பட்டுச் சிரிக்கிறாள், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, ஏறுங்க சார், மெதுவா, நசுக்கிட்டு நேராப் போங்க. குணசீலனுக்கு அந்த எலுமிச்சம்பழத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. பழைய வண்டிக்கும் இதே ரோட்டில் இதே மாதிரி நசுக்கினார்கள், என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை என்றும் சொல்லலாம், அவள் உயிரோடு இருக்கிறாள் அல்லவா, ஒரு வேளை பழம் வேலை செய்ததால்தான் அந்த அளவோடு போயிற்றோ, யார் கண்டது. இப்படி எதையும் இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தே ஆள் வீணாய்ப் போகிறான். பழம் நசுங்கியது. வீட்டுக்காரர் ஒரு ஆட்டம் ஆடிச் சமாளித்தார், பின்னால் அந்த அம்மாள் அவர் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டாள், போய்விட்டார்கள். எவ்வளவு லேசாகப் போய்விட்டார்கள்! பொறாமையாக இருந்தது அவனுக்கு, பச்சைப் பொறாமை. ஒரு தரம் அப்படிக் கிளம்பிப் போக முடிந்தால், பின்னால் அவள் இருக்க, தலைமையாசிரியை, கைப்பையோடு, டிபன் டப்பாவோடு, காலை வெயிலில் அந்த வயல் சாலையில். அதை நினைத்துப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, வளைவு வருகிற வரைக்கும்.

“செயினா சார்?” என்று ரோஸ்லின் கம்ப்யூட்டரை விட்டு நிமிர்ந்தாள். இதோ வரப்போகிறது, எல்லாம் நம்ம நாட்டுது சார், என்று அவன் தயாராக இருந்தான். “தெரியாது சார்” என்றாள் அவள். “கேட்டுத்தான் சொல்லணும்.” இப்படி ஒருத்தரும் சொன்னதில்லையே. “கம்பெனி பேரு ஜப்பான் பேரு மாதிரி இருக்கே?” என்று அடுத்த அடியை எடுத்து வைத்தான். “ஆமாம் சார், பேரு அவங்களுதுதான். பார்ட்ஸெல்லாம் எங்கெங்க இருந்தோ பொட்டி பொட்டியா வருதாம், சைனா, தாய்லாந்து, கோயமுத்தூரு, ஓசூருன்னு. ஆனா வண்டியா மாட்டுறது ஒரகடத்துல சார். எங்க அக்கா அங்கதான் வேலை செய்யுது. ஹேண்டில்பார் லைன்ல.” குணசீலன் சும்மா இருந்திருக்கலாம். “அப்ப இது நம்ம வண்டியா, அவங்க வண்டியா?” என்று கேட்டான், கேட்டபோது அது தப்பிக்கிற கேள்வியாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. ரோஸ்லின் சாவியை விரலில் சுற்றினாள். “அதெல்லாம் எனக்கு எப்படி சார் தெரியும்? ரோட்டுல இந்த வண்டி போனா எங்கம்மா, ‘தோ பாரு, நம்ம ஜெனிபர் வண்டி போவுது’ன்னு சொல்லும். எந்தக் கலரா இருந்தாலும் அக்கா வண்டிதான் எங்கம்மாக்கு.” சுகந்தி சத்தமாகச் சிரித்துவிட்டாள். குணசீலனுக்கும் சிரிப்பு வந்தது, கூடவே ஒரு பயமும். அவன் வேறு எங்கோ பார்க்கிற மாதிரி ஹேண்டில்பாரைப் பார்த்தான், அதைத் தாங்கிப் பிடித்த போல்ட்டுகளைப் பார்த்தான், ஒரு பெண் நின்றுகொண்டே இதை முடுக்கியிருக்கிறாள், கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டு போய், மாட்டுகிற இடத்தில் மட்டும் தூங்காமல் இருந்து, இதைப் பிடிக்கப் போகிற ஆள் யார் என்றே தெரியாமல் இறுக்கமாக முடுக்கியிருக்கிறாள். தாய்லாந்தில் ஒருத்தி ரப்பரைப் பார்த்துக்கொண்டாள், ஓசூரில் ஒருத்தன் இன்னொன்றைப் பார்த்துக்கொண்டான். எல்லாரும் அவரவர் வேலையைச் செய்துவிட்டார்கள். இனி இவன்தான் பாக்கி.

சாவி வந்துவிட்டது, கண்ணுக்கு எதிரே. “ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துடுங்க சார்.” கடைசியாக ஒன்று இருந்தது, அதையும் எடுத்து வீசினான்: “லைசென்ஸ் எடுத்துட்டு வரலையேம்மா.” சுகந்தி எழுந்து வந்தாள், ஹேண்ட்பேக் ஜிப்பைத் திறந்தாள், லைசென்சை எடுத்து மேஜைமேல் வைத்தாள், திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டாள். அடிப்பாவி! நாலு ஷோரூமாக இதைச் சுமந்துகொண்டு வந்தாளா, இவன் சுதேசி பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டு? தெரிந்திருக்கிறது. எல்லாமே தெரிந்திருக்கிறது, முதல் ஷோரூமிலிருந்தே. அவமானமாக இருக்கும் என்று நினைத்தான், இல்லை, யாரோ தோளில் இருந்த மூட்டையை வாங்கிக்கொண்ட மாதிரிதான் இருந்தது. வெளியே வெயிலில் டெஸ்ட் வண்டி நின்றது, ஹேண்டில் கிரிப் சுட்டது. அவர்கள் கொடுத்த ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தான். கால் தானாகவே ஸ்டாண்டைத் தட்டியது, உடம்பு எதையும் மறக்கவில்லை போல. எஞ்சின் பிடித்துக்கொண்டதும் தொடை இரண்டிலும் அந்த நடுக்கம், வண்டியின் நடுக்கமா அவன் நடுக்கமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. ரோஸ்லின் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு வந்தாள். “பின்னாடி நாங்க ஒருத்தர் வரணும் சார், ரூல்ஸ். அதோ அந்தப் பெட்ரோல் பங்க் வரைக்கும் போய்த் திரும்பிடலாம்.” சரி, அந்தப் பெண் வருகிறாள், நல்லது, அவள் என்றால் போய்விடலாம், முதல் தடவை அப்படிப் போய்ப் பழகி, அப்புறம் மெல்ல மெல்ல, இன்னொரு நாள், வேறொரு நாள். “நீ இரும்மா” என்று சுகந்தியின் குரல் கேட்டது. “அந்த ஹெல்மெட்டைக் குடு.” குணசீலன் திரும்பினான். “வேணாம் சுகந்தி. நீ வேணாம். அந்தப் பொண்ணே வரட்டும்.” “ஏன், அந்தப் பொண்ணு விழுந்தா பரவாயில்லையா?” என்றாள் சுகந்தி.

விழுந்தா. சொல்லிவிட்டாள். இரண்டு வருஷமாக அந்த வீட்டில் டம்ளர் விழுந்தால்கூட அவள் ‘கீழ போச்சு’ என்றுதான் சொல்வாள். ரோஸ்லின் பாவம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள், “மேடம், ரூல்ஸு…” என்றாள், அதற்குள் சுகந்தி ஹெல்மெட் வாரைப் பூட்டிக்கொண்டு, அவன் தோளைப் பிடித்து, புடவையை ஒதுக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டாள். வண்டியின் பின்பக்கம் அவள் எடைக்கு அமுங்கியது. அந்த எடை. இத்தனை நாளும் அதற்குத்தான் பயந்தான், அதைத்தான் தேடிக்கொண்டும் இருந்தான். கிளட்சை விட்டான், வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. மறுபடி. “மெதுவாவே போங்க, யார் தொரத்துறா?” என்றாள் அவள். இந்தத் தடவை நகர்ந்தது. ஜி.எஸ்.டி. ரோடு, பக்கத்தில் கன்டெய்னர் லாரி, எந்தத் துறைமுகத்துக்கு எதை ஏற்றிக்கொண்டு போகிறதோ, அதன் காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது, அவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஓரமாகவே போனான், ஆட்டோ, மாடு, குறுக்கே ஒரு கல்லூரி பஸ், பிரேக், நின்றது, நிற்கிறது, வண்டி நிற்கச் சொன்னால் நிற்கிறது! “அங்க காம்பவுண்டு சுவர் இருக்குதாம்” என்று பின்னாலிருந்து சுகந்தி. “என்னது?” “பள்ளிக்கூடத்துல! சுவர் இருக்குதாம், கேட்டுதான் இல்லையாம்! ஆடெல்லாம் உள்ள வந்து சத்துணவைத் தின்னுட்டுப் போவுதாம்!” “கேட்டு போட்டுடலாம்!” என்று கத்தினான். “யாரைக் கேக்கறது?” “வி.ஏ.ஓ.வைக் கேளு! இல்லன்னா ஊர்ல கேப்போம்!” “கிணறு வேற தெறந்து கெடக்குதாம்!” “அதுக்கு மூடி போடணும், அது மொதல்ல!” இப்படிக் கத்திக் கத்திப் பேசிக்கொண்டு போனார்கள், சத்துணவு ஆயா, ஒழுகுகிற ஓடு, இரண்டே டீச்சர், எத்தனை பிள்ளைகள் என்று. பெட்ரோல் பங்க் எப்போது போயிற்று என்று அவன் பார்க்கவில்லை. சிறுமணப்பாக்கம் என்று அம்புக்குறி போட்ட பச்சைப் பலகை வந்தபோதுதான் இடது கை இண்டிகேட்டரைத் தள்ளியிருந்தது அவனுக்கே தெரிந்தது. உள்சாலையில் ஜல்லி, மேடு, பள்ளம், ஒரு வளைவு. வளைவில் மணல் இருந்தது. பார்த்தான். வேகத்தைக் குறைத்து, மணலை விட்டு ஒதுங்கி, காலை லேசாகத் தரையில் தேய்த்துக்கொண்டு, வளைவைக் கடந்துவிட்டான்.

சுகந்தியின் போன் அடித்தது, ஷோரூமில் எழுதிக் கொடுத்திருந்த நம்பர். அவன் வேப்பமரத்தடியில் ஓரமாக நிறுத்தி இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டான், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. போனில் ரோஸ்லின் கிட்டத்தட்ட அழுகிற குரலில், எங்க மேடம் இருக்கீங்க, மேனேஜர் என்னைய வந்து வந்து கேக்கறாரு, பங்க் வரைக்கும்தானே சொன்னேன் என்று கொட்டிக்கொண்டிருந்தது அவனுக்கும் கேட்டது. சுகந்தி அவள் மூச்சு வாங்குகிற வரைக்கும் பொறுத்திருந்தாள். “பயப்படாதம்மா. மேனேஜர்கிட்ட குடு” என்றாள். அப்புறம், வகுப்பில் பேசுகிற அந்த அமைதியான குரலில், “சார், நான் சிறுமணப்பாக்கம் பள்ளிக்கூடத்து ஹெச்.எம். பேசறேன்” என்றாள். “என் ஸ்கூல் வரைக்கும் போய்ட்டு வந்துடறோம். அந்தப் பொண்ணை ஒண்ணும் சொல்லாதீங்க. வண்டி இதுதான், எங்களுக்குப் பிடிச்சிருக்கு.”